மூன்று தரம் இருமும் குழாய்

கீழ்வேலம்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களுக்கு வந்த மறுநாளே இரண்டு சேதி சொல்லிவிடுவார்கள். ஏரிக்கரைக்கு விறகு பொறுக்கப் போனால் வேலிக்காத்தான் முள் பார்த்துக் கால் வைக்க வேண்டும் என்பது ஒன்று. குழாய் மூன்று தரம் இருமினால் அன்றைய தண்ணீரைக் காய்ச்சாமல் வாயில் வைக்கக்கூடாது என்பது இன்னொன்று. தென்னேரியில் பிறந்த சுலோச்சனா தலைதீபாவளிக்குத் தாய்வீடு போனபோது, "எங்க ஊர்க் கொழாய்க்கு இருமல் கீது" என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தாள். பெண்ணுக்குக் காத்துகருப்பு பட்டுவிட்டது என்று அவள் அப்பன் மந்திரிக்கிற ஆளைத் தேடிக்கொண்டு வாலாஜாபாத் வரைக்கும் போய்விட்டான். ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஊர்க் குழாய் இருமத்தான் செய்தது. அதை இரும வைத்தவன் எல்லப்பன்.

எல்லப்பன் காலனியில் இருசப்பனுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. அம்மா சின்னபொண்ணு புள்ளலூர்க்காரி, நான்கு ஆண்களுக்கு நடுவில் பிறந்தவள். அந்த நால்வரில் மூத்தவன் மகள்தான் அம்முலு; பிற்பாடு எல்லப்பனுக்கே வாழ்க்கைப்பட்டாள். இருசப்பனுக்கு ஊர் வேலை தண்டோரா போடுவது. மணியக்காரர் சொல்லி அனுப்பினால் தப்பட்டையைச் சுவர் முளையிலிருந்து எடுத்து, வைக்கோல் நெருப்பில் வாட்டி, தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்குள் போவான். தெருமுனையில் நின்று நான்கு அடி அடித்து, வந்த சேதியைச் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு நகர்வான். மதகு திறப்பது, வரி கட்டுவது, அம்மை ஊசி போட ஆள் வருவது எல்லாம் இருசப்பன் வாயால்தான் ஊருக்குத் தெரியும். அறுப்புக் காலத்தில் களத்தில் அவனுக்கு நெல் அளப்பார்கள்.

சின்னபொண்ணு செத்த அன்றைக்கும் ஆள் வந்தது. மறுநாள் ஏரி மதகு திறக்கிறார்கள், வரப்பைக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும், பொழுது சாய்வதற்குள் சொல்ல வேண்டும். பிணம் வாசலில் கிடக்கிறது. புள்ளலூரிலிருந்து வந்த மச்சான்கள் நான்கு பேரும் பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இருசப்பன் ஒருவரையும் பார்க்காமல் தப்பட்டையை எடுத்துக்கொண்டு போனான். எல்லப்பனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அப்பன் மேளம் ஒவ்வொரு தெருவாகத் தள்ளிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னும் ரெண்டு தெரு கீது" என்று பெரிய மாமன் பாடைக் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னான். அந்த ஒரு வார்த்தை எல்லப்பன் காதை விட்டுக் கடைசி வரைக்கும் போகவில்லை. இருசப்பன் திரும்பி வந்து, தப்பட்டையை முளையில் மாட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்து அழுதான்.

ஏழு வருசம் கழித்து இருசப்பனும் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்ததும் மணியக்காரர் கூப்பிட்டனுப்பி, இனி நீதான் என்றார். எல்லப்பன் அன்று சாயங்காலம் தப்பட்டையை எடுத்துக்கொண்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீருக்கு இறங்கி அதை விட்டுவிட்டான். அது முழுகாமல் அலையோடு அலையாகத் தொலைதூரம் போனது. மறுநாள் முதல் பஸ்ஸில் வாலாஜாபாத் போய் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தான். மூட்டை தூக்கியவன் ஒரு வருசத்தில் பெல்ட் மாட்டக் கற்றுக்கொண்டான். மூன்றாம் வருசம் மோட்டார் சூடேறினால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். வீட்டுச் சுவரில் அந்த முளை மட்டும் வெறுமனே இருந்தது. அதில் ஒரு துணியைக்கூட மாட்ட விடமாட்டான் என்று அம்முலு குறைபட்டுக்கொள்வாள்.

எழுபத்தொன்றில் ஊருக்குத் தண்ணீர் டேங்க் வந்தது. ஏரிக்கரையோரம் கிணறு வெட்டி, மோட்டார் ரூம் கட்டி, நான்கு கால் நட்டு மேலே தொட்டி வைத்தார்கள். அதுவரை ஊருக்கு ஒரு கிணறு, காலனிக்கு ஏரி ஊற்று. காலனிக்காரர்கள் ஊர்க் கிணற்றில் வாளி விட முடியாது. தாகம் என்றால் சேந்துகிறவர்கள் மனசு வைத்துக் கைக்கு மேலிருந்து ஊற்ற வேண்டும். இப்போது ஒரே தொட்டியிலிருந்து இரண்டு பக்கமும் குழாய் போகும் என்றார்கள். மோட்டார் ஓட்டத் தெரிந்தவன் ஊரில் ஒருவனும் இல்லை. எல்லப்பனை வாலாஜாபாத்திலிருந்து வரவழைத்தார்கள். வால்வு திறக்கிற இரும்புச் சாவி, ஓர் ஆள் இடுப்பு உயரம், தலையில் குறுக்குக் கம்பி வைத்தது, அவன் கைக்கு வந்தது. ஊர்க் கிணற்றடியில் கையேந்தி நின்றவன் மகன் கையில் ஊர்த் தண்ணீர் மொத்தமும் இருந்தது. சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் மோட்டார் யார் ஓட்டுவது?

குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொட்டி புதுசு, மோட்டார் புதுசு, குழாய் மட்டும் பழசு. எங்கேயோ ஒரு டவுனில் தோண்டி எடுத்துப் போட்ட இரும்புக் குழாய்களைக் கான்ட்ராக்ட்காரன் லாரியில் கொண்டுவந்து, மேலே கறுப்புத் தாரைப் பூசிப் புதைத்துவிட்டான். ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்ததுமே எல்லப்பனுக்குத் தெரிந்துவிட்டது. ஊர்த் தெருவின் சொக்கம்மாள், மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று குழாய் இறக்குவதைப் பார்த்தவள், "இன்னாடா இது, ரெண்டாந்தாரத்தக் கொண்டாந்து எறக்குறானுங்க" என்றாள். அன்றையிலிருந்து அந்தக் குழாய்க்கு ரெண்டாந்தாரம் என்றே பெயர். இன்றைக்கு ரெண்டாந்தாரம் வருமா, ரெண்டாந்தாரத்துக்கு எங்கே உடைந்தது என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

காலை ஆறு மணிக்கு ஒரு வேளை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வேளை. எல்லப்பன் ஊர்ப்பக்க வால்வையும் காலனிப்பக்க வால்வையும் ஒன்றாகத் திறப்பான். காலனி பள்ளத்தில் கடைசியில் இருக்கிறது, அங்கே போய்ச் சேருவதற்குள் ஊர்த் தெருவில் இரண்டு குடம் நிரம்பிவிடும். அதற்காகக் காலனிக்குக் கூட ஐந்து நிமிசம் விட்டான். சொக்கம்மாள் அதையும் கண்டுபிடித்துவிட்டாள். "எங்க தெருவுக்கு மாமியார் வூட்டுத் தண்ணி, அவங்க தெருவுக்கு அப்பன் வூட்டுத் தண்ணியா எல்லப்பா" என்று கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே, "பள்ளத்துல ஓடுறது லேட்டாத்தான்மா நிக்கும்" என்பான். அவளும் சிரித்துவிடுவாள். வாய் நீளமே தவிர உள்ளே ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

மழைக்காலம் வந்தால் ரெண்டாந்தாரத்துக்கு நோவு வரும். வாரம் ஓர் இடத்தில் விடும். எல்லப்பன் மண்ணைத் தோண்டி, துருவைச் சுரண்டி, சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றி, மேலே சணலும் தாருமாகக் கட்டுவான். பல இடத்தில் குழாயைவிடக் கட்டு அதிகமாக இருந்தது. குழாயை மாற்றச் சொல்லி ஊரே கைநாட்டு வைத்து மனு அனுப்பியது. பதிலுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். அதை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். தெரியாதவர்கள் சினிமா நோட்டீஸ் என்று இருந்துவிட்டார்கள். ஐப்பசியில் விறகெல்லாம் ஈரம். சோறு வேகவே ஊதி ஊதிக் கண் எரிகிறது, இதில் தண்ணீரையும் வேக வைக்கிறதா? காய்ச்சின தண்ணீர் சப்பென்று இருக்கிறது, தாகம் அடங்கவில்லை என்று ஆண்கள் வேறு முகத்தைச் சுளிப்பார்கள். ஒருவரும் காய்ச்சவில்லை. வருசா வருசம் நோட்டீஸ் வந்தது, வருசா வருசம் ஆடு வந்து பசைக்காக அதை நக்கித் தின்றது.

எழுபத்தொன்பது ஐப்பசியில் விட்டு விடாமல் ஒன்பது நாள் மழை. பத்தாம் நாள் வானம் வெறித்ததும் ஊரே நடவுக்கு இறங்கியது. அன்று காலையில்தான் காலனியில் எல்லப்பன் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுக் கைக்குழந்தை வாந்திபேதியில் போய்விட்டது. முந்தின நாளே சொக்கம்மாளுடைய கடைசிப் பிள்ளை, ஆறு வயசு முத்துகிருஷ்ணனை, வண்டி கட்டி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்னும் நாலைந்து வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

மூன்று மணிக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், சக்கரமெல்லாம் சேறு. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். அப்புறம் எல்லப்பனோடு குழாய் போகிற வழியெல்லாம் நடந்து பார்த்தார். சொக்கம்மாள் மாட்டுக் கொட்டகை முனையில், சாணித் தண்ணீரும் தெருச் சாக்கடையும் கலந்து ஓடுகிற கால்வாய்க்கு அடியில், எல்லப்பன் போன வருசம் சுற்றிய டியூப் பிய்ந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து சொன்னார். தண்ணீர் ஓடுகிற வரைக்கும் ஓட்டை வழியாக உள்ளிருந்து வெளியே கசியும். வால்வை மூடிவிட்டால் குழாய் காலியாகும், அப்போது வெளியில் இருக்கிற சாக்கடையை உள்ளே உறிஞ்சும். அடுத்த வேளை திறக்கும்போது அதுதான் முதலில் போகும். பள்ளத்தில் கடைசியில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் சேர்ந்து போகும்.

எல்லப்பன் பிய்ந்த டியூபை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். ஒரு நாளைக்கு இரண்டு தரம் மூடுகிறவன் அவன்தான். நேற்று சாயங்காலமும் அவன் கைதான் மூடியது. காலனிக்கு என்று கூட ஐந்து நிமிசம் விட்டதும் அந்தக் கைதான். அந்தக் கைக்குழந்தையை அவன் தூக்கியிருக்கிறான், அவன் சட்டைப் பையைப் பிடித்து இழுக்கும்.

ஓட்டையை அடைக்க நல்ல வெயில் இரண்டு நாள் வேண்டும். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் பச்சையாகக் குடிக்கக்கூடாது, இன்று இரவுக்குள் எல்லார் வீட்டுக்கும் சேதி போயாக வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். மணியக்காரர் சுப்பிரமணி அதற்கு முன்பே ஏற்பாடு பண்ணியிருந்தார். தலையாரி கன்னியப்பனைப் பக்கத்து ஊருக்கு அனுப்பித் தப்பட்டை வாங்கிவரச் செய்திருந்தார். அடிக்கிற ஆள் சாவு மேளத்துக்குப் போய்விட்டான், தப்பட்டை மட்டும் வந்தது. கன்னியப்பன் அதை மோட்டார் ரூம் படியில் சாய்த்து வைத்தான்.

மணியக்காரர் கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"இன்னிக்கி ஒரு நாளைக்கி நீதான்டா எல்லப்பா. ஊட்டுக்கு ஊடு யாரு போய்ச் சொல்றது? நடவுக்குப் போனவங்க வந்துகினு கீறாங்க. நாலு அடி அடிச்சாத்தான் நின்னு கேப்பாங்க."

"நான் அடிக்க மாட்டேங்க."

"உங்கப்பன் செஞ்ச வேலதானேடா. புள்ளைங்க உசிரு போற நேரத்துல இன்னா வீம்பு?"

எல்லப்பனுக்கு அவர் சொன்னது சரியாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது. வாய்வார்த்தையாகப் போய்ச் சொல்லலாம் என்றால், காலனி ஆள் ஊர்த் தெருவில் ஒவ்வொரு வாசப்படியாக ஏறி இறங்குவது நடக்கிற காரியம் இல்லை. நடந்தாலும், நோட்டீசைப் பார்த்துச் சிரித்த மாதிரி இதற்கும் சிரிப்பார்கள். பொழுது நான்கரை. அவன் வீட்டுக்குப் போனான். அம்முலு அந்தக் குழந்தை வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் குளித்து ஈரப் புடவையோடு நின்றாள். சேதி அவளுக்கு முன்பே வந்திருந்தது.

"ஒரு நாளைக்கித்தானேய்யா. அடிச்சிட்டு வந்து கைய கயுவிக்கோ."

"இன்னிக்கி அடிச்சா நாளைக்கி மதகுக்குக் கூப்புடுவாங்க. நாளானிக்கி நீ செத்துக் கெடந்தாலும் கூப்புடுவாங்கமே."

"அடிக்காட்டி?"

அவன் சுவர் முளையைப் பார்த்தான். அம்முலு தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு எல்லப்பன் சாவியைத் தூக்கிக்கொண்டு டேங்குக்கு வந்தான். படியில் தப்பட்டை இருந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், தாண்டிப் போனான். வழக்கம்போல இரண்டு வால்வையும் திறந்தான். தெருவில் குடங்கள் வரிசையில் வைக்கிற சத்தம் கேட்டது. நடவுக்குப் போன பெண்கள் சேற்றுக் காலோடு நேராகக் குழாயடிக்குத்தான் வருவார்கள். அரைக் குடம் நிரம்புகிற நேரம் விட்டான். அப்புறம் இரண்டு வால்வையும் இறுக்கி மூடினான். சாவியில் இருந்து கையை எடுக்கவில்லை. ஐம்பது எண்ணினான், திறந்தான். காலியான குழாயில் காற்று புகுந்துகொண்டு, ஊரில் இருக்கிற அத்தனை குழாயும் கக்கு கக்கென்று இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. மறுபடியும் மூடினான். மறுபடியும் திறந்தான். மறுபடியும் இருமல். மூன்றாம் தரமும் இரும வைத்து, ஒரே அடியாக மூடிவிட்டு, சாவியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றான்.

தண்டோராவுக்குக்கூட அப்படிக் கூட்டம் வந்ததில்லை. முதலில் ஊர்த் தெருப் பெண்கள் அரைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தார்கள். பின்னால் காலனிப் பெண்கள், அவர்கள் குடத்தில் அதுகூட இல்லை. தண்ணீர் இல்லாமல் காலில் சேறு காய்ந்துபோன ஆண்கள் வேறு வந்தார்கள். என்ன விளையாட்டு இது, மோட்டாருக்குப் பேய் பிடித்ததா, உனக்குப் பிடித்ததா என்று ஆளுக்கு ஒரு பேச்சு. ஊரும் காலனியும் தேர்த் திருவிழாவில்கூட அப்படி ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றதில்லை. கோபத்தில் யாருக்கும் அது கவனத்தில் வரவில்லை.

எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவள் சொக்கம்மாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பக்கத்தில் நாத்தனாரை உட்கார வைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க வந்தவள். கையில் எவர்சில்வர் கூஜா. ஆறு மணி பஸ்ஸுக்குப் போயாக வேண்டும்.

"ஏன்டா எல்லப்பா, உனக்கு மனசாட்சி கீதா? அங்க என் புள்ள தண்ணி தண்ணின்னு நாக்கு வறண்டு கெடக்கறான். ஒரு கூஜா ரொப்பறதுக்குள்ள மூணு தபா மூடுற. ஆஸ்பத்திரித் தண்ணி வாணாம், எங்க ஊட்டுத் தண்ணிதான் வேணும்னு அழுவறான்டா."

எல்லப்பன் தொட்டி ஏணியில் மூன்று படி ஏறினான், எல்லாருக்கும் முகம் தெரிவதற்கு.

"அந்தத் தண்ணிய எடுத்துக்கினு போவாதம்மா" என்றான். "உன் புள்ளைக்குச் சேராதது அதான். காலைல எங்க தெருக் கொயந்த போனதும் அதுலதான். உங்க மாட்டுக் கொட்டாய்க்குக் கீய கொழாய் உட்டுப் போச்சி, சாக்கட உள்ள எறங்கிக்கினு கீது. ரெண்டு நாள்ல அடச்சிடறேன். அது வரைக்கும் இந்தத் தண்ணி கொதிக்காம யார் வாய்லயும் படக் கூடாது. வெறகு இல்லாட்டி கதவ ஒடச்சி எரிங்க. இத நோட்டீசுல ஒட்டினாங்க, சிரிச்சீங்க. இப்ப நான் சொல்றேன்."

அவ்வளவுதான் சொன்னான். அவன் ஆயுசில் அத்தனை பேருக்கு முன்னால் பேசியதும் அந்த ஒரு தரம்தான்.

சொக்கம்மாள் கூஜா மூடியைத் திருகி உள்ளே பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், அப்படியே கவிழ்த்தாள். தண்ணீர் முழுக்கச் சேற்றில் இறங்குகிற வரைக்கும் கூஜாவைக் கவிழ்த்தபடியே பிடித்திருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் குடத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

மணியக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. அவர் படியில் கிடந்த தப்பட்டையைப் பார்த்தார், ஏணியில் நின்றவனைப் பார்த்தார். "கன்னியப்பா, இத எடுத்துக்கினு போய்க் குடுத்துட்டு வந்துரு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காக எல்லப்பன் அவர் மேல் கடைசி வரைக்கும் மரியாதை வைத்திருந்தான். அடுத்த வருசம் அரசாங்கம் மணியக்காரர் வேலையையே எடுத்துவிட்டது. அதற்கப்புறமும் எல்லப்பன் மட்டும் அவரை மணியக்காரர் என்றே கூப்பிட்டான்.

எல்லப்பன் இறங்கிப் போய், காய்ச்சுவதற்கென்று மறுபடி வால்வைத் திறந்துவிட்டான். அன்று பொழுது போனபோது ஊர் முழுக்கப் புகை. ஈரவிறகுப் புகை கூரைக்கு மேல் எழும்ப முடியாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லாரும் எல்லப்பனைத் திட்டினார்கள், திட்டிக்கொண்டே காய்ச்சினார்கள். சொக்கம்மாள் ஆறு மணி பஸ்ஸை விட்டுவிட்டு, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரோடு ஏழரை பஸ்ஸில் போனாள். முத்துகிருஷ்ணன் பிழைத்தான். பிற்பாடு உத்திரமேரூரில் டெய்லர் கடை வைத்தான். எல்லப்பனுக்குச் சட்டை தைத்தால் கூலி வாங்க மாட்டான்.

குழாயை மாற்றினார்களா என்றால் இல்லை. எல்லப்பன் கட்டுக்கு மேல் கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அதற்கப்புறம் நோட்டீசும் தேவைப்படவில்லை, தப்பட்டையும் தேவைப்படவில்லை. எங்காவது உடைந்தது என்று தெரிந்தால் சாயங்காலம் மூன்று தரம் மூடித் திறப்பான். தெருக் குழாய் மூன்று தரம் இருமும். யார் வீட்டிலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். "இருமிட்ச்சி, அடுப்ப மூட்டு" என்பார்கள். சரிபண்ணி முடித்தால் மறுநாள் ஒரே சீராக விடுவான், அதுவும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டில் ஒருவன் குழாய், ஒருவன் எல்லப்பன் என்று வைத்துக்கொண்டு இருமிக் காட்டுவார்கள். எல்லப்பன் உண்மையில் சளிப்பிடித்து இருமினால், "யோவ், தண்ணி காய்ச்சணுமா?" என்று டீக்கடையில் கேலி பண்ணுவார்கள்.

கேலி ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். எண்பத்திரண்டில் ஒரே மாதத்தில் ஐந்து தரம் இருமியது. சொக்கம்மாள் பொறுக்க முடியாமல் ஊர்த் தெருவிலிருந்து ஏழு பேரையும், காலனியிலிருந்து அம்முலு உள்பட நான்கு பேரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு குடம் செங்காமட்டை நிறத் துருத் தண்ணீரோடு பஸ் ஏறிப் பெரிய ஆபீசுக்குப் போனாள். கண்டக்டர் குடத்துக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றான். "மொதல்ல ஒரு டம்ளர் குடி, அப்பறம் போடு" என்றாள். அவன் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான். ஆபீசிலும் அதே பேச்சுத்தான் பேசினாள். ஆபீசர் குடிக்கவில்லை. எஸ்டிமேட் மேலே போயிருக்கிறது என்றார். இன்னும் எவ்வளவு மேலே என்று அம்முலு கேட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் பன்னிரண்டு பெண்களும் பின்சீட்டுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஆபீசர் குடத்தைப் பார்த்து முழித்த முழியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காலனி எது ஊர் எது என்று அந்த பஸ்ஸில் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. இறங்கி அவரவர் தெருவுக்குப் பிரிந்தபோது மறுபடி தெரிந்தது. ஆனாலும் அதற்கப்புறம் அம்முலு ஊர்த் தெரு வழியாகப் போனால் சொக்கம்மாள், அவள் ஆபீசரை மடக்கிக் கேட்டதை வைத்து, "ஆபீசர் பொண்டாட்டி வராடி" என்று கூப்பிட்டு நிறுத்தாமல் விட்டதில்லை.

எண்பத்தாறில்தான் புதுக் குழாய் வந்தது. வெள்ளை பிளாஸ்டிக், இரண்டு ஆள் தூக்கினால் போதும். தெருத் தெருவாகத் தோண்டிப் புதைத்தார்கள். நாளைக் காலையிலிருந்து புது லைன் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குச் சொல்லத் தண்டோரா போட வேண்டாமா என்று வந்திருந்த புது ஆள் ஒருவன் கேட்டான். குழாயடியில் நின்ற பெண்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லப்பன் பழைய லைனைக் கடைசித் தரமாகத் திறந்தான். கொஞ்ச நேரம் விட்டு மூடினான். திறந்தான். மூன்று தரம். பதினைந்து வருசத்துக் குழாய் ஊர் முழுக்க இருமியது. எங்கும் உடையவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் டேங்குக்கு வந்தார்கள். சொக்கம்மாளுக்குத் தலை நரைத்துவிட்டது, மூட்டுவலி வேறு, கடைசியில் வந்து சேர்ந்தாள்.

"இன்னாத்துக்குடா இன்னிக்கி இருமுச்சி?"

"போறேன்னு சொல்லிட்டுப் போவுதும்மா" என்றான் எல்லப்பன்.

"சனியன். இத்தினி நாள் உசுர வாங்கிச்சி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போவட்டும் போ."

மறுவாரம் பழைய குழாயைத் தோண்டி எடுத்து ஏரிக்கரையில் குவித்தார்கள். உள்ளே துரு ஏறி ஏறி, கட்டைவிரல் நுழைகிற ஓட்டைதான் மிச்சம் இருந்தது. அதன் வழியாகவா இத்தனை வருசம் குடித்தோம் என்று எல்லாரும் விரலை விட்டு விட்டுப் பார்த்தார்கள். புதுக் குழாயில் தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்தது. குடம் நிரம்பி வழிகிற வரைக்கும் தெரியாமல் பேசிக்கொண்டு நின்றார்கள்.

புது வால்வுக்குக் கையால் திருகுகிற சக்கரம் வைத்திருந்தார்கள், பழைய சாவிக்கு வேலை இல்லை. எல்லப்பன் அதைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். சுவர் முளையில் மாட்டினான். முளை அசைந்து, மண் பொலபொலவென்று உதிர்ந்து, முளையும் சாவியும் சேர்ந்து கீழே விழுந்தன. அம்முலு சத்தம் கேட்டு வந்து பார்த்தாள். சுவரில் ஓட்டை, தரையில் இரும்பு.

"எத்தினி வருசமா அங்க ஒண்ணும் மாட்ட உடல. மாட்டுனதும் இந்த எடையவா?" என்றாள்.

அந்த ஓட்டையை மறுநாளே மண் குழைத்து அடைத்துவிட்டாள். சாவியை எடுத்து அடுப்படியில் சாய்த்து வைத்தாள். நீளமாக, கனமாக, கொள்ளியைத் தள்ளிவிட அது ரொம்பவும் தோதாக இருந்தது. புதுத் தண்ணீர் நல்ல தண்ணீர், காய்ச்ச வேண்டியதில்லை என்று எல்லப்பன் எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவலையை அடுப்பில் ஏற்றி, அந்தச் சாவியால் விறகை உள்ளே தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.